அம்மாட பயொப்சி ரிப்போட் முழுக்க "ரெண்டு" எண்டு கிடக்கு. எந்த ரெண்டு என்னத்துக்கு?

கல்லாற்று மகள்:

வணக்கம். பெரியகல்லாறில இரிந்து எழுதுறன். அம்மாக்கு 61 வயசு. இடப்பக்க மார்பில கட்டி எண்டு ஒப்பரேசன் செய்து, மார்பையும் கமக்கட்டுக்குள்ள இரிந்த நெறிகளையும் (நிணநீர்க் கணுக்கள்) எடுத்த. காயம் ஆறிட்டு, கையும் தூக்கிறா. கிணத்தடிக்குப் போகாதீங்க எண்டாலும் கேக்கிறா இல்ல. இப்ப எங்களுக்குப் பிரச்சினை அம்மா இல்ல, ரிப்போட்.

வெட்டி எடுத்ததப் பரிசோதிச்சு வந்த தாள் முழுக்க இங்கிலீசு. நான் ஏ.எல். கலைப்பிரிவு. எழுத்துக்கூட்டி வாசிக்கலாம், விளங்குது இல்ல. இரிக்கிறத அப்படியே தமிழ் எழுத்தில போடுறன்: இன்வேசிவ் கார்சினோமா, நோ ஸ்பெஷல் ரைப். நொட்டிங்ஹாம் கிரேட் 2. கட்டி 32 மில்லிமீற்றர். முன்னால சின்ன "பி" போட்டு ரி2, என்1. நெறி 2/14. லிம்போவாஸ்குலர் இன்வேஷன் பிரசென்ட். மார்ஜின் கிளியர். பிறகு வந்த துண்டுத்தாளில ஈ.ஆர் 7/8, பி.ஆர் 5/8, ஹெர்2 2+.

பாருங்க, எங்க பார்த்தாலும் ரெண்டு. பக்கத்து வீட்டு மாமி சொல்ற, கிரேட் 2 எண்டா ரெண்டாம் ஸ்டேஜாம். கல்முனையில இரிக்கிற மச்சாள் சொல்ற, கார்சினோமா எண்டா சும்மா கேன்சர விட மோசமான சாமானாம். கட்டார்ல இரிக்கிற தம்பி போனில தேடிப்போட்டு, "இன்வேசிவ் எண்டு இரிக்கு, உடம்பு முழுக்கப் பரவியிட்டு, அம்மாக்குச் சொல்லிராதீங்க" எண்டு அழுறான். அவன் அழ, நான் அழ, அம்மா வந்து "ஆருக்கு என்ன?" எண்டு கேக்கிறா. அவக்குக் கட்டி எண்டு மட்டும்தான் சொல்லி வெச்சிரிக்கம்.

வாற வியாழன் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில கேன்சர் கிளினிக். சனம் நிறைஞ்ச இடம், டொக்டர மறிச்சு வெச்சிக் கேள்வி கேக்க ஏலாது. போக முதல் இந்தச் சொல்லுகள் என்ன எண்டாவது விளங்கினாப் போதும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.


மெழுகுக்காரன்:

மகள், நான் டொக்டர் இல்ல. ஆசுபத்திரி லாப்பில சதைத்துண்ட மெழுகில பதிச்சு, சீவி, கண்ணாடியில ஒட்டுற வேலையிலேயே தலை நரைச்சு ஓய்வெடுத்தவன். பார்த்துக் கையெழுத்து வைக்கிறவர் நோயியல் நிபுணர். அதால அம்மாக்கு என்ன மருந்து எண்டு என்னட்டக் கேக்காதீங்க. அந்தத் தாளில இரிக்கிற ஒவ்வொரு சொல்லும் எங்க இரிந்து வருது எண்டு சொல்லலாம்.

சதை லாப்புக்கு வரக்குள்ள, அழுகாம வைக்கிற போர்மலின் தண்ணிக்குள்ள கிடந்து வரும். முதல்ல அளப்பாங்க. மறுகா வெளிப்பக்கம் முழுக்க மை பூசுவாங்க. பிறகு வெட்டி, தேவையான இடங்களில இரிந்து சின்னத் துண்டுகள் எடுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள போட்டு, இரவிரவா மிசினில தண்ணிய வெளிய எடுத்து மெழுக உள்ள ஏத்தி, கட்டியாக்கி, மூண்டு நாலு மைக்ரோன் தடிப்பில சீவி, நீலமும் ரோசாவும் சாயம் போட்டுத்தான் நுணுக்குக்காட்டிக்குக் கீழ போகும். ரிப்போட் ஏன் சுணங்குது எண்டு சண்டைக்கு வாற ஆக்களுக்கு இதச் சொல்லிச் சொல்லியே என்ட சேவைக்காலம் முடிஞ்சது. இப்ப உங்களுக்கும் சொல்றன், காரணம் இரிக்கு: ரிப்போட்டில இரிக்கிற ஒவ்வொரு எண்ணும் இந்த வேலையில வேற வேற இடத்தில பிறந்தது. ஒண்டு அடிமட்டம் வெச்சு அளந்தது, ஒண்டு கலத்தின்ட முகத்தப் பார்த்துச் சொன்னது, ஒண்டு நெறிய எண்ணினது, ஒண்டு சாயம் பிடிச்ச அளவு. ஒண்டோட ஒண்டு கூட்டவும் ஏலாது, ஒண்ட வெச்சு மற்றத ஊகிக்கவும் ஏலாது.

முதல்ல மச்சாள். கார்சினோமா எண்டது கேன்சர விடக் கூடினதும் இல்ல, குறைஞ்சதும் இல்ல. கேன்சர் பொதுப்பேர். எந்த வகைக் கலத்தில தொடங்கின எண்டு பிரிக்கக்குள்ள வாற பேர்களில ஒண்டுதான் கார்சினோமா. தோல், வாய், குடல் எண்டு உடம்ப உள்ளையும் வெளியையும் மூடி நிக்கிற படலத்தில, இல்லாட்டி மார்பு, தைரொயிட் மாதிரிச் சுரப்பிகளில தொடங்கினா கார்சினோமா. மனிசருக்கு வாற கேன்சரில பெரும்பங்கு இதுதான். எலும்பு, தசை, கொழுப்பில தொடங்கினா சார்கோமா. இரத்தம் உண்டாகிற எலும்பு மச்சையில எண்டா லூக்கேமியா, நிணநீர்க் கலத்தில எண்டா லிம்போமா. மச்சையிலயே பிளாஸ்மா எண்டொரு கலம் இரிக்கு, அது கெட்டா மயலோமா. தோலுக்கு நிறம் குடுக்கிற கலத்தில வாறது மெலனோமா. முடிவில "ஓமா" வந்தா எல்லாம் கேன்சர் எண்டும் பயப்பிடாதீங்க. லைப்போமா வெறும் கொழுப்புக் கட்டி. பைப்ரோஅடினோமா வயசுப் பிள்ளைகள்ட மார்பில வாற சாதுவான கட்டி.

கார்சினோமாக்குள்ளயும் பிரிவு இரிக்கு. சுரப்பிக் கலம் எண்டா அடினோகார்சினோமா எண்டு எழுதுவாங்க, வயிறு, பெருங்குடல், நுரையீரலில கூடக் காணலாம். தட்டையான படலக் கலம் எண்டா ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. வாயிலயும் கருப்பைக் கழுத்திலயும் வாறது கூடுதலா இதுதான். உங்கட அம்மாட "நோ ஸ்பெஷல் ரைப்" எண்டது, மார்பில வாற விசேச வகைகளில ஒண்டும் இல்ல, கூடுதலாக் காண்ற வழமையான வகை எண்டதுதான். முந்தி இத "டக்டல்" எண்டு எழுதின. பழைய ரிப்போட் வெச்சிரிக்கிற ஆக்கள் குழம்ப வேணாம்.

இனித் தம்பி. அவன் அழ வேண்டிய சொல் இன்வேசிவ் இல்ல. மார்பில பால் வாற குழாய்கள் இரிக்கு, அதச் சுத்தி மெல்லிசான ஒரு சவ்வு. கெட்ட கலம் அந்தச் சவ்வுக்கு உள்ளேயே நிண்டா "இன் சிட்டு". சவ்வத் தாண்டிப் பக்கத்துச் சதைக்குள்ள கால் வெச்சா இன்வேசிவ். ஒரு மில்லிமீற்றர் தாண்டினாலும் அதே சொல்தான். ஈரலுக்குப் போன, நுரையீரலுக்குப் போன எண்டதுக்கு வேற சொல் இரிக்கு: மெற்றாஸ்டேசிஸ். வாட்டில செக்கண்டரி எண்டு சொல்லுவாங்க. அந்தச் சொல் உங்கட தாளில இல்ல.

செக்கண்டரி எண்ட உடனே இன்னொண்டு. மார்பில தொடங்கினது எலும்புக்குப் போனாலும் அது மார்புக் கேன்சர்தான். அதுக்கு மருந்தும் மார்புக் கேன்சர் மருந்துதான். "முதல்ல மார்பில, பிறகு எலும்பில, பிறகு ஈரலில எண்டு மூண்டு கேன்சராம்" எண்டு செத்தவீட்டில இரிந்து கதைக்கிறத எத்தினை தரம் கேட்டிரிக்கன். தொடங்கின இடம்தான் பேர்.

கிரேட் 2க்கு வாறன். நீங்க வட்டை வரம்பு கண்ட ஆள்தானே. வயலுக்குள்ள நெல்லு மாதிரியே நிண்டு ஆள ஏமாத்துற களையும் இரிக்கு, கண்டவுடனே களை எண்டு தெரியிற முரட்டுக் களையும் இரிக்கு. அந்த முகவெட்டுத்தான் கிரேட். எத்தினை வரம்பு தாண்டிப் போயிட்டு எண்டதுதான் ஸ்டேஜ். நொட்டிங்ஹாம் முறையில மூண்டு விசயம் பார்ப்பாங்க: குழாய் வடிவம் எவ்வளவுக்கு மிஞ்சியிரிக்கு, கலத்தின்ட கரு எவ்வளவுக்கு மாறிட்டு, எத்தினை கலம் பிரிஞ்சு பெருகிக்கொண்டிரிக்கு. ஒவ்வொண்டுக்கும் 1 தொடக்கம் 3 வரைக்கும் புள்ளி. கூட்டினா 3 முதல் 5 வரை கிரேட் 1, 6ம் 7ம் கிரேட் 2, 8ம் 9ம் கிரேட் 3. அம்மாட நடுவில நிக்குது. மார்புக்கு கிரேட் 3 வரைக்கும்தான் இரிக்கு, கிரேட் 4 எண்டு ஒண்டு இல்லவே இல்ல. மாமிட்ட அதையும் சொல்லுங்க.

ரி2 அடிமட்டக் கணக்கு. மார்புக் கட்டி 20 மில்லிமீற்றருக்கு மேல, 50க்குள்ள எண்டா ரி2. சின்ன "பி" எண்டா வெட்டி எடுத்ததக் கையில வெச்சு அளந்த. ஒப்பரேசனுக்கு முதல் டொக்டர் கையால தொட்டும் ஸ்கேனிலயும் கணிச்சது எண்டா அந்த இடத்தில "சி" நிக்கும். என்1 எண்டது கமக்கட்டு நெறியில ஒண்டுக்கும் மூண்டுக்கும் இடையில பிடிபட்டிரிக்கு. 2/14 எண்டா 14 நெறி எடுத்த, ரெண்டில கண்ட. பன்னெண்டு துப்பரவு. இந்த வரிய ஏன் ஒருவரும் உங்களுக்கு வாசிச்சுக் காட்டேல்ல?

லிம்போவாஸ்குலர் இன்வேஷன் எண்டா கட்டிக்குப் பக்கத்தில உள்ள நுண்ணிய நிணநீர், இரத்தக் குழாய்க்குள்ள கெட்ட கலம் கண்ணுக்குப் பட்டிரிக்கு. கேக்கப் பயமான சொல்தான். ஆனா நெறி ரெண்டில இரிக்கு எண்டு தெரிஞ்ச பிறகு இது புதுசாப் பெரிசா ஒண்டும் சொல்லேல்ல. மார்ஜின் கிளியர் எண்டதுக்குத்தான் நான் சொன்ன மை. பூசின மையிலபோய்க் கெட்ட கலம் முட்டாம நிண்டா, வெட்டின ஓரம் துப்பரவு. உங்கட தாளில நான் முதல்ல தேடினது அந்த வரியத்தான்.

எம் எண்ட எழுத்து தாளில இல்லாதத கவனிச்சீங்களா? வேற உறுப்புக்குப் போயிரிக்கா எண்டத லாப்பில சொல்ல ஏலாது. நெஞ்சுப் படம், வயித்து ஸ்கேன், சீ.ரி. ஸ்கேன், எலும்பு ஸ்கேன் எண்டு எது தேவையோ அதப் பார்த்து டொக்டர்தான் எழுதுவார். அதுவும் வந்தாத்தான் ஸ்டேஜ் முழுமை. ரி2, என்1, வேற எங்கயும் இல்ல எண்டா கணக்கில 2பி. ஆகச் சொல்லப்போனா மாமி சொன்ன விடை சரியா வரலாம், வழிதான் பிழை.

ஈ.ஆர், பி.ஆர் எண்டது பெண் ஓமோன் ரெண்டுக்கும் அந்தக் கலம் எவ்வளவுக்குக் காது குடுக்குது எண்டு பார்க்கிற சாயம். எட்டுக்குப் புள்ளி. சாயம் பிடிச்ச கலங்கள் எத்தினை எண்டதுக்கு அஞ்சு வரைக்கும், எவ்வளவு கடுமையாப் பிடிச்ச எண்டதுக்கு மூண்டு வரைக்கும். 7/8 எண்டா நல்லாவே பிடிச்சிரிக்கு. இதுக்குக் குளிசை இரிக்கு. டமொக்சிபன், லெட்ரோசோல் எண்டு கேள்விப்பட்டிருப்பீங்க. ஆகக் குறைஞ்சது அஞ்சு வருசம் போடச் சொல்லுவாங்க. எந்தக் குளிசை எண்டது டொக்டர்ட முடிவு.

கடைசி ரெண்டு, ஹெர்2 2+. ஹெர்2 எண்டது கலத்தப் பெருகச் சொல்லித் தூண்டுற ஒரு புரதம், அது கலத்தில கூடுதலா இரிக்கா எண்டுதான் பார்க்கிற. இதுதான் உங்கட தாளில இன்னும் முடியாத ஒரே விசயம். 0, 1+ எண்டா இல்ல. 3+ எண்டா இரிக்கு. 2+ எண்டா சாயத்தால சொல்ல ஏலாம நடுவில நிக்குது, மரபணுவ நேராப் பார்க்கிற இன்னொரு சோதனை வேணும். பிஷ் எண்டு சொல்லுவாங்க. அதுக்கு அம்மாவத் திருப்பிக் குத்த மாட்டாங்க, வெட்ட மாட்டாங்க. லாப்பில மெழுகுக் கட்டி பத்திரமா இரிக்கு, அதில இன்னும் ரெண்டு சீவல் எடுத்தாச் சரி. ஹெர்2 இரிக்கு எண்டு வந்தா அதுக்கெண்டே தனி மருந்து இரிக்கு, ட்ராஸ்டுசுமாப். வியாழன் ஒரேயொரு கேள்வி கேக்க நேரம் கிடைச்சா இதக் கேளுங்க: "ஹெர்2க்கு மற்றச் சோதனை அனுப்பியாச்சா?"


அக்கரைப்பற்று ராத்தா:

தங்கச்சி, மெழுகுக்காரர் தாளப் பத்திச் செல்லிட்டார், நான் மனிசரப் பத்திச் செல்றன்.

எனக்குத் தைரொயிட்டில வந்த. கழுத்தில சின்னக் கட்டி, ஊசியால உறிஞ்சிப் பார்த்தாங்க, பெப்பிலரி கார்சினோமா. கழுத்து நெறியிலயும் இரிந்திச்சு. அப்ப வயசு 47. ஊருல ஒரு பொம்பிளை வந்து, "நெறிக்குப் போயிட்டா மூணாம் ஸ்டேஜ்தானே ராத்தா" எண்டு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போன. கிளினிக் கொப்பியில டொக்டர் எழுதினது ஸ்டேஜ் 1. எனக்கே நம்ப ஏலாம திருப்பிக் கேட்டன். இந்த வகைத் தைரொயிட் கேன்சரில 55 வயசுக்குக் கீழ உள்ள ஆக்களுக்கு ரெண்டு ஸ்டேஜ்தான் இரிக்காம். நெறியில இரிந்தாலும் ஒண்டு. தூரத்து உறுப்புக்குப் போனாத்தான் ரெண்டு. மூணு நாலு எண்டதே அந்த வயசுக்கு இல்ல. அப்ப நீங்களே யோசிங்க, என்ட ஸ்டேஜையும் உங்கட உம்மாட ஸ்டேஜையும் பக்கத்தில வெச்சி என்னத்த ஒப்பிட?

பிறகு ரேடியோ அயடீன், கதிர் வீசுற அயடீன் மருந்து, குடுத்தாங்க. அதுக்கு முந்திக் கொஞ்ச நாள் அயடீன் குறைஞ்ச சாப்பாடு. கடல் மீன் ஏலாது, கருவாடு ஏலாது, அயடீன் உப்பு ஏலாது. எங்கட ஊருல மீன் இல்லாம ஒரு சோறு! வருத்தத்த விட அதுதான் பெரிய சோதனை. மருந்து குடுத்த பிறகு தனி அறை, பேரப்பிள்ளைகள் கிட்ட வர விடல்ல. இப்ப காலையில வெறும் வயித்தில தைரொக்சின் குளிசை, அவ்வளவுதான். அல்ஹம்துலில்லாஹ் நல்லா இரிக்கன்.

இன்னொரு விசயம். என்ட பிள்ளைகளும் எனக்கிட்ட மறைச்சாங்க. "கழலை உம்மா, கழலை" எண்டு. மறுகா கிளினிக்குக் கூட்டிப் போனாங்க. வாசல்ல மூணு பாசையில பெரிய போட், புற்றுநோய்ப் பிரிவு எண்டு. எனக்கு வாசிக்கத் தெரியும்தானே! அந்த இடத்தில வெச்சித் தெரிய வந்தது எனக்குச் சரியான கோவம், வருத்தத்தில இல்ல, பிள்ளைகள்ல. வியாழன் உங்கட உம்மாவும் அந்த போட்ட வாசிப்பா. அதுக்கு முந்தி வீட்டில வெச்சி நீங்க செல்லிருங்க. 14ல பன்னெண்டு துப்பரவு எண்டதையும் சேர்த்தே செல்லுங்க.


வட்டைப் பொடியன்:

நான் ஒண்டு சொன்னாக் கோவிக்கப்படாது. எங்கட பெரியப்பாக்கு வயித்துக்குள்ள கட்டி. நல்லாத்தான் நடந்து திரிஞ்ச. ஊசி குத்தி எடுத்தாங்க, அதுக்குப் பிறகு ஆறு மாசம் தாங்கல்ல. கத்தியும் ஊசியும் பட்டா அது கோவிச்சிப் பரவும் எண்டு ஊருல பெரியாக்கள் சும்மாவா சொல்ற? இங்க ஒரு நாட்டு வைத்தியர் இரிக்கார், கீமோ இல்லாமலே குடிநீரால கரைக்கிறார். வேணுமெண்டா விலாசம் தரலாம்.


மெழுகுக்காரன்:

தம்பி, கோவிக்கேல்ல. பெரியப்பாட ஆத்துமா சாந்தியடையட்டும். ஆனா ஒழுங்கப் பாருங்க. வயித்துக்குள்ள வாற கட்டி கன காலம் ஒரு நோவும் தராது. நோவு வந்து, மெலிஞ்சு, சாப்பாடு இறங்காமப் போன பிறகுதான் எங்கட சனம் ஆசுபத்திரிக்கு வாற. அப்பதான் ஊசி. ஊசிக்குப் பிறகு செத்த எண்டது உண்மை. ஊசியால செத்த எண்டது வேற கதை.

ஊசி போன வழியில கலம் ஒட்டிப் பிடிக்கிறது அறவே இல்ல எண்டு நான் சொல்லமாட்டன். மிச்சம் அரிது. எங்க அது நடக்கக்கூடும் எண்டு டொக்டர்மாருக்கும் தெரியும். ஆம்பிளைகள்ட விதையில கட்டி எண்டா ஊசி குத்த மாட்டாங்க, நேரா எடுத்துருவாங்க. சார்கோமா எண்டு சந்தேகம் எண்டா, பிறகு ஒப்பரேசனில வெட்டி எடுக்கப்போற கோட்டிலயே ஊசிய விடுவாங்க. இவ்வளவு யோசிச்சுத்தான் செய்ற. என்ன வகை எண்டு தெரியாம மருந்து குடுக்கிறதுதான் ஆபத்து. லிம்போமாக்கு மருந்துதான் முதல், கத்தி இல்ல. பெருங்குடலுக்குக் கூடுதலாக் கத்திதான் முதல். ரெண்டும் வயித்துக்குள்ள கட்டிதான். வெளியால தடவிப் பார்த்து ஆர் பிரிப்பா?

நாட்டு வைத்தியத்தில எனக்கு மரியாதை இரிக்கு. முறிவு தெறிவுக்கு நானே போயிரிக்கன். ஆனா கேன்சரக் கரைக்கிறன் எண்டு சொல்ற ஆளிட்ட, கரைஞ்சதுக்கு முந்தின பயொப்சி ரிப்போட்ட ஒருக்காக் கேளுங்க. லைப்போமாவக் கரைச்சவரும் அதத்தான் சொல்லுவார். மகள், நீங்க குடிநீர் ஏதும் குடுக்கிறதெண்டாக் கிளினிக்கில ஒளிக்காமச் சொல்லுங்க, கீமோ மருந்தோட மோதக்கூடிய மூலிகைகள் இரிக்கு. விலாசம் இங்க போட வேணாம்.


சித்தாண்டியான்:

இடையில வாறத்துக்கு மன்னிக்கவும். அக்காட மகன், ஆறு வயசு. லூக்கேமியா எண்டு மகரகமைக் கேன்சர் ஆசுபத்திரிக்கு அனுப்பி அங்க மருந்து நடக்குது. இங்க ஆர் கண்டாலும் "எத்தினையாம் ஸ்டேஜ்?" எண்டுதான் முதல் கேள்வி. கொப்பியத் தட்டித் தட்டிப் பார்த்திட்டன், ஸ்டேஜ் எண்டு ஒரு இடத்திலயும் இல்ல. மறைக்கிறாங்களா? முதல் மாத மருந்தோட "ரெமிஷன்" எண்டு எழுதியிரிக்கு, அப்ப ஏன் இன்னும் மருந்து எண்டு அத்தானும் கேக்கிறார்.


மெழுகுக்காரன்:

மறைக்கேல்ல தம்பி. இரத்தம் உடம்பு முழுக்க ஓடுறது, எங்க வரைக்கும் போன எண்டு அளக்கிறதில அர்த்தமில்ல. அதால பிள்ளைகளுக்கு வாற லூக்கேமியாக்குக் கட்டிகளுக்குப் போடுற மாதிரி ஒண்டு ரெண்டு மூண்டு போடுறதில்ல. அங்க கேக்க வேண்டிய கேள்வி "ஏ.எல்.எல்.ஆ, ஏ.எம்.எல்.ஆ?" எண்டது, ரெண்டும் லூக்கேமியாட வகைகள். மறுகா எந்த அபாயப் பிரிவு எண்டது. வயசு, முதல் நாள் வெள்ளைக் கலத்தின்ட எண்ணிக்கை, மரபணு மாற்றம், முதல் மருந்துக்குக் கலம் எப்பிடிக் குறைஞ்ச எண்டதெல்லாம் வெச்சுப் பிரிப்பாங்க. பிள்ளைகளுக்குக் கூடுதலா வாறது ஏ.எல்.எல். ஒழுங்கா மருந்து முடிச்சாப் பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகிற வகை அது.

ரெமிஷன் எண்டது, மச்சைய எடுத்துப் பார்த்தாக் கெட்ட கலம் நூத்துக்கு அஞ்சுக்கும் கீழ போயிட்டு, நல்ல இரத்தம் திரும்ப ஊறுது எண்ட கட்டம். நல்ல செய்தி. ஆனா நுணுக்குக்காட்டிக்குத் தெரியாமக் கொஞ்சம் ஒளிச்சிரிக்கும். அதையும் அழிக்கத்தான் மிச்ச மருந்து. ஏ.எல்.எல். மருந்து ரெண்டு வருசத்துக்கு மேல நீளும். பிள்ளை ஓடித் திரியுது, இனிப் போதும் எண்டு இடையில விடுறதுதான் நடக்கப்படாத காரியம். அத்தானுக்கு வடிவாச் சொல்லுங்க. போக்குவரத்துச் செலவுதான் தடை எண்டா அதையும் அங்க வாட்டில வாய் திறந்து சொல்லச் சொல்லுங்க. வெக்கப்பட்டு வீட்டில நிக்க வேணாம்.


கல்லாற்று மகள்:

ஐயா, ராத்தா, ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. நேத்து ராவு அம்மாக்குச் சொல்லிட்டன். அவ கொஞ்ச நேரம் பேசாம இரிந்திட்டு, "சும்மா கட்டிக்கெண்டா மார்பையே எடுப்பாங்க? எனக்குத் தெரியும்" எண்டா. தம்பிக்கும் அவவே போன் எடுத்துப் பேசின.

இப்ப இன்னொண்டு கிளம்பியிரிக்கு. இவ்வளவத்தையும் வாசிச்சுக் காட்டக்குள்ள அப்பா மெல்ல வெத்திலை வட்டாவத் தள்ளி வெச்சார். கேட்டாப் போன மாசம் பல் டொக்டரிட்டப் போன இடத்தில கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒண்டு இரிக்கு எண்டு துண்டு குடுத்தவங்களாம். அத மடிச்சுச் சாமித்தட்டுக்குக் கீழ வெச்சிரிக்கார். "லியூக்கோபிளாக்கியா" எண்டு எழுதியிரிக்கு. இதுவும் கேன்சரா? புகையிலைய எப்பவோ விட்டுட்டன், இப்ப பாக்கும் சுண்ணாம்பும் மட்டும்தான் எண்டு சொல்றார்.


மெழுகுக்காரன்:

கேன்சர் இல்ல. ஆனா சாமித்தட்டுக்குக் கீழ கிடக்க வேண்டிய துண்டும் இல்ல.

லியூக்கோபிளாக்கியா எண்டா வழிச்சாலும் போகாத, வேற வருத்தம் எண்டும் சொல்ல ஏலாத வெள்ளைப் படலம். இதில ஒரு பங்குதான் காலப்போக்கில கேன்சராகும். எல்லாம் ஆகாது. எது ஆகும் எண்டு கண்ணால சொல்ல ஏலாததாலதான் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கிற. அந்த ரிப்போட்டில "டிஸ்பிளேசியா" எண்டு ஒரு சொல் வரலாம். மைல்ட், மொடரேட், சிவியர் எண்டு மூண்டு தரம். கலம் கெடத் தொடங்கியிரிக்கு, இன்னும் சவ்வத் தாண்டேல்ல எண்டதுதான் அது. வெள்ளையோட சிவப்பும் கலந்திரிந்தாலோ, தனிச் சிவப்பா இரிந்தாலோ இன்னும் கெதியாக் காட்ட வேணும். சிவப்புத்தான் கூட ஆபத்து.

பாக்கு மட்டும்தானே எண்ட கதைய நான் லாப்பில இரிந்த காலத்தில எத்தினை பேர் சொல்லக் கேட்டிரிப்பன்! புகையிலை சேராத பாக்கும் தனியாவே கேன்சர் உண்டாக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004லயே அறிக்கை போட்டிட்டு. இலங்கை ஆம்பிளைகளுக்குக் கூடுதலா வாற கேன்சர் வாய்க் கேன்சர்தான். எங்கட பக்கம் கலியாணம், செத்தவீடு, வயல் வெட்டு எண்டு வட்டா இல்லாத இடம் இல்ல. அப்பாட வாயத் திறக்கச் சொல்லிப் பாருங்க. அவர்ட மூண்டு விரல் நிமித்தி உள்ள போகுதா? போகாட்டி, மிளகாய் பட்டா எரியுது எண்டு சொன்னா, உட்கன்னம் இறுகத் தொடங்கியிரிக்கு. அதுக்கு வேற பேர், சப்மியூக்கஸ் பைப்ரோசிஸ். பாக்கால வாறது, பாக்க விட்டாலும் பழைய நிலைக்கு முழுசா வராது. அதால விடுறது எண்டா இப்பவே. துண்டோட முகத்தாடைக் கிளினிக்குக்கு அனுப்புங்க. ரெண்டு கிழமைக்கு மேல ஆறாத புண் வாயில ஆருக்கு இரிந்தாலும் இதேதான்.


கல்லாற்று மகள்:

கிளினிக் போய் வந்திட்டம். நெஞ்சுப் படமும் வயித்து ஸ்கேனும் துப்பரவு எண்டு டொக்டர் சொன்ன. ஹெர்2க்கு மற்றச் சோதனை அனுப்பியாச்சா எண்டு கேட்டன், அவர் நிமிர்ந்து பார்த்திட்டு, "அனுப்பியிரிக்கு, ஆர் சொல்லித் தந்த?" எண்டார். அப்பாவ வாற கிழமை கூட்டிப் போறன். கொப்பியில "அட்ஜுவன்ட் கீமோ" எண்டு எழுதி, பிறகு ரேடியேஷன், பிறகு குளிசை எண்டு போட்டிரிக்கு. அட்ஜுவன்ட் எண்டா என்ன ஐயா? கட்டிதான் எடுத்தாச்சே, பிறகென்னத்துக்குக் கீமோ எண்டு அம்மா கேக்கிறா.


மெழுகுக்காரன்:

நல்ல கேள்வி கேக்கிறா. கட்டி போயிட்டு. ஆனா நெறி வரைக்கும் போனதில ஒண்டு ரெண்டு கலமாவது இரத்தத்தில ஏறியிரிக்கலாம், எந்த ஸ்கேனிலயும் பிடிபடாது. அது பிறகு முளைக்காம இரிக்க ஒப்பரேசனுக்குப் பின்னால குடுக்கிறதுதான் அட்ஜுவன்ட். கட்டியச் சுருக்க ஒப்பரேசனுக்கு முன்னால குடுத்தா நியோஅட்ஜுவன்ட். எங்கட ஆக்கள் இன்னொண்டையும் பிழையா விளங்குற: பாலியேட்டிவ். அது கைவிட்ட ஆக்களுக்கு எண்டு நினைக்கிறாங்க. நோவு, வாந்தி, மூச்சு முட்டல் எல்லாத்தையும் அடக்கிற வைத்தியம் அது. சுகமாகப் போற ஆளுக்கும் குடுக்கலாம்.


அக்கரைப்பற்று ராத்தா:

தங்கச்சி, கீமோ தொடங்க முந்தி ஒரு காய்ச்சல்மானி வாங்கி வெச்சிக்கிங்க. கீமோவில வெள்ளைக் கலம் குறையும். 38 பாகைக்கு மேல ஏறினாப் பனடோல் குடுத்து விடியட்டும் எண்டு இரிக்கப்படாது, ராவெண்டாலும் அந்த நேரமே ஆசுபத்திரி. போகக்குள்ள கிளினிக் கொப்பியயும் எடுத்துப் போங்க, கடைசிக் கீமோ எண்டைக்குக் குடுத்த எண்டு முதல் வார்த்தையிலயே செல்லுங்க. 1990க்கு அடிச்சா அம்பியூலன்ஸ் காசில்லாம வரும். களுவாஞ்சிக்குடி ஆசுபத்திரி கிட்ட எண்டா முதல்ல அங்கேயே போகலாமா எண்டு கிளினிக்கில இப்பவே கேட்டு வைங்க.